ஒன்று இழுத்தால் நலம்

யூன் 19

ராக்னில்ட் இன்று இரண்டு குறிப்புப் புத்தகங்கள் தந்தாள். ஒன்றில் நோர்வீஜிய மொழியில் ஆழம், தண்ணீரின் தெளிவு, பறவைகளின் நடமாட்டம் எல்லாம் எழுத வேண்டும். மற்றது மழையில் நனைந்தால் மாற்றுக்கு. மழை வராது என்று எண்ணிக்கொண்டு இதைத் தமிழுக்கு எடுத்துக்கொண்டேன்.

பத்து வருடம் கழித்து வாசித்தால் எனக்கே எல்லாம் மறந்திருக்கும். ஆகவே முதலில் யார் யார் என்று எழுதிவிடுகிறேன்.

நான் ஜெயவதனி. மூழ்குவது தொழில். சின்ன வயதில் அம்மாவோடு யாழ்ப்பாணத்திலிருந்து இந்த வடநோர்வே மீன்பிடிப் பட்டினத்துக்கு வந்து, இங்கேயே வளர்ந்து, குளிருக்குப் பழகி, கடைசியில் கடலுக்கு அடியில் வேலை தேடிக்கொண்டவள். வருடம் முழுவதும் சால்மன் மீன் வளர்க்கும் கூடுகளின் வலையைக் கீழே போய்ச் சரிபார்ப்பேன். கோடையில் மட்டும் ராக்னில்டுக்கு. அவள் கடற்பறவை ஆராய்ச்சிக்காரி. பறவைகள் குடியிருக்கும் பாறைத்தீவின் உச்சியில் பலகைக் கூண்டுக்குள் தொலைநோக்கியோடு இருப்பாள். சிரிப்பதற்கு முன்னால் ஒருமுறை யோசிப்பாள்.

இவர் என் கணவர் பாலேந்திரா. மீன் ஃபக்டரியில் மேற்பார்வையாளர். தன் கோடை விடுமுறை முழுவதையும் படகில் என் கயிற்றைப் பிடித்தபடி கழிப்பார். நீந்தத் தெரியாது. செம்மஞ்சள் மிதவை அங்கியைப் படகுத்துறையிலேயே போட்டுக்கொண்டு, வீட்டு வாசலில்தான் கழற்றுவார்.

என் இடுப்புப் பட்டியிலிருந்து இவர் கை வரைக்கும் ஒரு கயிறு. மேலிருந்து ஒரு இழுப்பு வந்தால் ‘நலமா?’ கீழிருந்து நான் ஒன்று இழுத்தால் ‘நலம்’. நான்கு இழுத்தால் ‘என்னைத் தூக்குங்கள்’. எங்கள் குடும்பமே இந்த மொழியில்தான் நடக்கிறது. கடையில் வரிசையில் நிற்கும்போது இவர் என் சட்டைக் கையை ஒருதரம் இழுப்பார், நானும் அவருடையதை ஒருதரம் இழுப்பேன். பார்க்கிறவர்கள் எங்களுக்கு ஏதோ பிசகு என்று நினைப்பார்கள்.

நான்கு நான் இதுவரை இழுத்ததே இல்லை. பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

யூன் 21

முதல் நாள். கடல் கண்ணாடியாக இருந்தது. பாறைத்தீவின் செங்குத்துச் சுவர் முழுவதும் லொம்வி என்கிற கடற்பறவைகள். தோளோடு தோள் உரசிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நிற்கின்றன. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு. இவர் அவற்றுக்கு அப்புக்காத்துமார் என்று பெயர் வைத்திருக்கிறார். கறுப்புக் கோட்டோடு கோர்ட்டு வாசலில் நின்று சத்தம் போடுகிற ஆட்களாம்.

“வழக்கு இன்னும் முடியேல்லை போல கிடக்கு,” என்றார் இன்றும். வருடா வருடம் முதல் நாள் இதையேதான் சொல்வார். நானும் சிரித்துவைத்தேன்.

கூடு கட்டாத பறவை இது. வெறும் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டை. குஞ்சு பறக்கப் பழகுவதற்கு முன்பே, ஒரு மாலையில், தகப்பன் கீழே கடலில் இருந்து கூப்பிட, அந்த உயரத்திலிருந்து அப்படியே குதித்துவிடும். பிறகு தகப்பனும் குஞ்சுமாக நடுக்கடலுக்குப் போய்விடுவார்கள். பறக்கத் தெரியாத குஞ்சுக்கு மூழ்கத் தெரியும். அதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

மேலே இருப்பவர்களுக்குக் குதிப்பு வரைதான் தெரியும். தண்ணீரைத் தொட்டதோடு கதை முடிந்தது என்று கமெராவை மூடிவிடுவார்கள். குஞ்சு முதல் தரம் தகப்பனுக்குப் பின்னால் மூழ்குவதை நான் கீழே இருந்து பார்க்க வேண்டும். முந்தின வருடம் புயல். போன வருடம் படகின் இயந்திரம் செத்துவிட்டது. ராக்னில்டின் திட்டத்துக்கு இதுதான் கடைசிக் கோடை. இந்த முறை விடமாட்டேன்.

யூன் 22

இடது காது கொஞ்சம் அடைப்பு. மே மாதம் சளியோடு வலைக்கூட்டுக்குள் இறங்கினேன், உள்ளே ‘டப்’ என்று ஏதோ கேட்டது. சளி போகப் போகச் சரியாகிவிடும்.

யூன் 24

படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம். நல்லெண்ணெயில் உள்ளிப்பூடு போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, மேலே ஒரு துண்டுப் பஞ்சும் வைத்திருந்தார். நான் காதைப் பற்றி இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“ஆருக்கு இது?” என்றேன்.

“வீட்டிலை ரெண்டு பேர்தானே இருக்கிறம். எனக்கு இல்லை,” என்றுவிட்டுப் பத்திரிகைக்குள் போய்விட்டார்.

சரி, ஆசையோடு காய்ச்சியிருக்கிறார் என்று இரண்டு சொட்டு விட்டேன். கொஞ்ச நேரத்தில் தொண்டையில் உள்ளி ருசித்தது. காதில் விட்டது வாய்க்கு வருகிறது. உடம்பு ஒரு வினோதமான பொருள்தான்.

யூன் 25

மூழ்கினேன். தெளிவு நல்லது. நலம்.

யூன் 28

இன்று கீழே கழிந்த நேரத்தை நான் சாகும் வரை மறக்கமாட்டேன்.

கடற்பாசிக் காடு முடிகிற இடத்தில் கயிற்றில் அசையாமல் தொங்கினேன். மூச்சை மெதுவாக விட்டால் பறவைகள் பயப்படுவதில்லை. முதலில் தலைக்கு மேலே நிறைய வெள்ளை வயிறுகள் மிதந்தன. பிறகு ஒன்று தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டு என்னைப் பார்த்தது. ஊர்ப்புதினம் கேட்க எட்டிப் பார்க்கிற முகம். பார்த்து முடிந்ததும் செட்டைகளைப் பாதி விரித்து உள்ளே வந்தது.

பாறையில் நடக்கத் தெரியாமல் தள்ளாடுகிற பறவை, ஆகாயத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு பறக்கிற பறவை, தண்ணீருக்குள் வந்ததும் வேறு ஆள். கறுப்பு முதுகு வெள்ளியாக மாறிவிடுகிறது. இறகுக்குள் இருக்கும் காற்றுத்தான் அப்படி மின்னுகிறது. போகிற வழி முழுக்கச் சின்னச் சின்னக் குமிழிகளை விட்டுக்கொண்டே போனது. நெத்தலி மாதிரி ஒரு மீன் கூட்டம் இரண்டாகப் பிளந்து அதற்கு வழி விட்டது. நான் வாய்க்குழாயைக் கடித்துக்கொண்டே சிரித்தேன்.

மேலே வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். இவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நான் ரெண்டு தரம் கூப்பிட்டனான்,” என்றார்.

“எப்ப?”

“இப்பதான். இடப்பக்கம் நிண்டு.”

இயந்திரச் சத்தம் என்றேன். இயந்திரம் நின்றிருந்தது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

யூலை 2

பலத்த காற்று, கடலுக்குப் போகவில்லை. உறைபெட்டியைக் கழுவினேன். அடியில் போன மார்கழியில் ஒளித்துவைத்த முருங்கைக்காய் அகப்பட்டது. குழம்பு வைத்தேன். இந்த ஊரில் முருங்கைக்காய்க் குழம்பு வைக்கிற நாள் பெருநாள்தான். இரண்டு பேரும் பேசாமல் சப்பிக்கொண்டிருந்தோம்.

நான் இப்போதெல்லாம் சாப்பாட்டு மேசையில் இவருடைய கதிரையில்தான் இருக்கிறேன். ஜன்னல் வெளிச்சம் அந்தப் பக்கம் நல்லது. இவர் எனக்கு வலப்பக்கம் வந்துவிட்டார். ஏன் இடம் மாறினேன் என்று இவர் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும், “டொக்டரிட்டை ஒருக்கால் காட்டுவமே?” என்றார்.

“என்னத்தை?”

“எதையெண்டாலும்.”

“ஓகஸ்டிலை எப்படியும் வருசப் பரிசோதனை இருக்குத்தானே. அங்கை தலையிலிருந்து கால் வரைக்கும் பாப்பினம். இப்ப போனால் சும்மா ஒரு சளிக்கு மூண்டு கிழமை தண்ணிக்குள்ளை போகாதை எண்டுவாங்கள். குஞ்சுகள் எனக்காகக் காத்திருக்குமோ?”

“குஞ்சுகள் காத்திராது,” என்றார். எழுந்து கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார்.

யூலை 5

இன்று தண்ணீர் கொஞ்சம் சுழன்றது. நீரோட்டமாக இருக்கலாம். எழுத வேறொன்றுமில்லை.

யூலை 6

எழுத ஒன்றுமில்லை என்று நேற்று எழுதியதை வாசித்தேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது. இந்தப் புத்தகத்தை வாசிக்க இந்த ஊரில் இவரையும் என்னையும் விட்டால் ஆள் இல்லை. இவர் தொடமாட்டார். பிறகு யாருக்கு ஒளிக்கிறேன்?

நடந்தது இது. பாசிக் காட்டின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தேன். இடது காதுக்குள் ஊசி போட்ட மாதிரி ஒரு குளிர். அடுத்த கணம் பாறைச் சுவர் முழுவதும் மெதுவாகக் கவிழ்ந்தது. கடல்தரை பக்கத்துக்கு வந்தது. பறவைகள் எல்லாத் திசையிலும் விழுந்துகொண்டிருந்தன. நான் விட்ட குமிழிகளே எனக்குக் குறுக்கே போயின. குமிழி போகிற பக்கம்தான் மேல் என்று எனக்குத் தெரியும். பயிலுநர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தெரிந்தும் நம்ப முடியவில்லை. வயிறு குமட்டியது. வாய்க்குழாயோடு வாந்தி எடுத்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் இடுப்பில் ஒரு இழுப்பு. நலமா?

நான் ஒன்று இழுத்தேன். நலம்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் விளங்கவில்லை. நான்கு இழுத்தால் எல்லாம் முடிந்துவிடும், ராக்னில்ட் கேட்பாள், டொக்டர் கேட்பார், கோடை போய்விடும் என்றெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். அவ்வளவு யோசிக்கிற நிலையில் நான் இல்லை. கை தன்பாட்டில் நலம் என்றது.

ஆனால் கயிறு இறுகியது. இவர் என்னைத் தூக்கத் தொடங்கியிருந்தார். அவசரப்படாமல், நான் கற்றுக் கொடுத்த அதே வேகத்தில், நடுவில் உடம்பு பழகச் சற்று நிறுத்தி, பிறகும் தூக்கினார். படகில் ஏறியதும் விளிம்பில் தலையை வைத்து வாந்தி எடுத்தேன். இவர் முதுகைத் தடவிவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். ராக்னில்ட் பாறை உச்சியிலிருந்து வோக்கி-டோக்கியில் என்ன விஷயம் என்று கேட்டாள். “இண்டைக்கு இவ்வளவும் போதும்,” என்று அவளுக்கு நோர்வீஜிய மொழியில் சொன்னார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உயிரோடு மேலே வந்தவளுக்கு வருகிற கோபமா அது? வந்தது.

“நான் ஒண்டுதானே இழுத்தனான்?”

“ஓம். ஒண்டுதான்.”

“பிறகேன் தூக்கினனீங்கள்?”

இவர் கயிற்றை வளையமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். “நீர் எப்பவும் உடனை இழுப்பீர். இண்டைக்கு யோசிச்சு இழுத்தனீர்.”

யூலை 7

பேச்சில்லை. புட்டு அவித்தேன். இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

யூலை 9

இவர்தான் முதலில் பேசினார். நான் என்றால் ஓகஸ்ட் வரைக்கும் இழுத்திருப்பேன்.

படகின் அடியில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். “ராக்னில்டுக்கு நான் சொல்லமாட்டன்,” என்றார். “அது உம்மட வாயாலை வரோணும். போகவேண்டாம் எண்டும் சொல்லமாட்டன். உம்மட தொழில். நீர் போனால் நான் கயித்தைப் பிடிப்பன். ஆனா ஒரு விசயம்.”

“என்ன?”

“எனக்கு நீந்தத் தெரியாது. கீழை உமக்கு ஒண்டு நடந்தா நான் குதிச்சு வந்து தூக்கேலாது. எனக்கு இருக்கிறது அந்தக் கயிறு மட்டுந்தான். அதிலை வாற சேதியை நான் நம்போணும்.”

நான் தலையை ஆட்டினேன். ஆட்டியதற்கு என்ன அர்த்தம் என்று இவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பின்னேரம் ராக்னில்ட் வந்தாள். விளிம்புகளில் குஞ்சுகள் செட்டை அடித்துப் பழகத் தொடங்கிவிட்டனவாம். காற்று இப்படியே அடங்கியிருந்தால் சில நாளில் குதிப்பார்கள் என்றாள். “நீ தயார்தானே, வதனி?” என்று கேட்டாள். தயார் என்றேன்.

யூலை 10

காதுக்குள் மெழுகு உருட்டி அடைத்துக்கொண்டு ஆழமில்லாத இடத்தில் கொஞ்ச நேரம் இறங்கினேன். ஒன்றும் சுழலவில்லை. பார்த்தீர்களா என்று கேட்க வாய் வந்தது. இவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

யூலை 12

கயிற்றை நன்னீரில் கழுவி வெளியே உலர்த்தினேன். ஒரு நுனி கதவுப் பிடியில் இருந்தது. சும்மா நின்ற நேரத்தில் ஒன்று இழுத்துப் பார்த்தேன். பிறகும் ஒன்று. உடனே இழுப்பது அப்படி ஒன்றும் கடினமான வேலை இல்லை. பழக்கம்தான்.

யூலை 14

மாலை. வட்டமிடும் வெயில். இங்கே இந்த மாதத்தில் சூரியன் கடலுக்குள் போகாது, விளிம்பில் உருண்டு கொண்டிருக்கும். காற்றே இல்லை. ராக்னில்ட் வோக்கியில் மெதுவான குரலில், “இன்றைக்குத்தான்,” என்றாள்.

பாறைச் சுவருக்குக் கீழே படகை நிறுத்தினோம். மேலே விளிம்புகளில் ஒரே அமளி. கீழே தண்ணீரில் தகப்பன்மார் அங்கங்கே மிதந்து, கழுத்தை நீட்டிக் கரகரவென்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குஞ்சுக்கும் தன் தகப்பனின் குரல் தெரியுமாம். எனக்கு எல்லாம் ஒரே குரலாகத்தான் கேட்டது. அதுவும் வலப்பக்கத்திலிருந்து மட்டும்.

உடுப்பை மாட்டினேன். மெழுகை அடைத்தேன். சிலிண்டரை இவர் தூக்கிப் பிடிக்க, தோளில் ஏற்றினேன். இடுப்புப் பட்டியில் கயிற்றைக் கொளுவினார், கொளுவியதை இரண்டு தரம் இழுத்துச் சரிபார்த்தார். வழக்கமான வேலைகள். படகின் விளிம்பில் முதுகைக் கடலுக்குக் காட்டி உட்கார்ந்தேன். முகக்கண்ணாடியைப் போட்டேன். இனிப் பின்னால் சாய வேண்டியது ஒன்றுதான்.

அப்போது இவர் கயிற்றை ஒன்று இழுத்தார்.

இறங்குவதற்கு முன்னால் இப்படிக் கேட்டதே இல்லை. ஒரு கை தூரத்தில் இருக்கிறார். வாயால் கேட்டிருக்கலாம். முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என்ன வருகிறதோ அதை நம்பத் தயாராக இருந்தார்.

என் கை ஒன்று இழுக்கத் தயாராக இருந்தது. உடனே இழுத்தால் இவருக்குத் தெரியவே தெரியாது. கதவுப் பிடியில் நான் பழகியது அதற்குத்தான். இப்போது அந்த வித்தை எனக்குக் கைவந்துவிட்டது. இந்த மனுசனை என்னால் ஏமாற்ற முடியும். அப்படி நினைத்தபோது, அன்று கீழே சுவர் கவிழ்ந்தபோது வராத பயம் எனக்கு வந்தது.

நான் நான்கு இழுத்தேன்.

நாலாவது இழுப்பு முடிய முன்பே இவர் கயிற்றைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார். படகுக்குள்ளேயே இருக்கிற என்னை, ஆழத்திலிருந்து எடுக்கிற மாதிரி, கை மாற்றிக் கை மாற்றி, என் பட்டி இவர் முழங்காலில் இடிக்கும் வரைக்கும் இழுத்தார். பிறகு முகக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கண்ணாடிக்குள் தண்ணீர் இருந்தது. கடல் தண்ணீர் இல்லை.

“ஏன் இறங்கவில்லை?” என்று வோக்கி கேட்டது. இவர் அதை என் கையில் தந்தார்.

“என் இடது காதில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன்,” என்றேன். “மே மாதத்திலிருந்து. உன்னிடம் மறைத்துவிட்டேன், ராக்னில்ட்.”

சிரிப்பதற்கே யோசிக்கிறவள், கோபிப்பதற்கும் யோசித்தாள். “இதை நாளைக்குப் பேசுவோம். நிச்சயமாகப் பேசுவோம்,” என்றாள். “இப்போது கமெராவைக் கயிற்றில் கட்டி இறக்கு. முதலாவது குஞ்சு விளிம்புக்கு வந்துவிட்டது.”

என்னோடு கீழே போக வேண்டிய கமெராவை என் கயிற்றிலேயே கட்டினோம். ஒரு ஈயக் கட்டியும் சேர்த்துக் கட்டி இவர் இறக்கினார்.

குஞ்சு குதித்தது. குதித்தது என்று சொல்வது பெரிய வார்த்தை. கால் வழுக்கின மாதிரி விளிம்பை விட்டு வந்து, முளைக்காத செட்டையை விரித்து, விழுந்து, எங்களுக்கு அருகே சின்னதாக ஒரு ‘ளொப்’. உடனே தகப்பனின் குரல். நான் வலப்பக்கம் திரும்பித் தேடினேன். ஒன்றையும் காணவில்லை.

இவர் என் தோளைப் பிடித்து மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். “அங்கை இல்லை. இஞ்சை, உமக்குப் பக்கத்திலை.”

படகை ஒட்டிக்கொண்டு தகப்பனும் குஞ்சுமாக நின்றார்கள். குஞ்சு கைப்பிடி அளவுதான். தகப்பன் அதன் தலையை அலகால் தொட்டது. ஒரு கடற்காகம் வட்டமிட்டுத் தாழ்ந்து வந்தது. தகப்பன் மூழ்கியது. குஞ்சு தலையை உள்ளே விட்டுப் பார்த்தது. பிறகு அதையும் காணோம். இரண்டு வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக விரிந்தன.

கீழே என்ன நடக்கிறது என்று தெரியாமல் நானும் மேலேயே இருந்தேன். இவர் வருடக்கணக்காக எப்படி இருந்திருக்கிறார் என்று அந்தக் கொஞ்ச நேரத்தில் தெரிந்துகொண்டேன்.

நல்ல தூரத்தில் இரண்டு தலைகள் வெளியே வந்தன. பெரியது முன்னால், சின்னது பின்னால். கடலைப் பார்த்துப் போய்விட்டார்கள்.

யூலை 15

ராக்னில்ட் பேசினாள். நன்றாகவே பேசினாள். பேசி முடித்துவிட்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தானே தொலைபேசி எடுத்து நாள் குறித்துத் தந்தாள்.

பிறகு மூவரும் கமெராவில் பதிந்ததைப் பார்த்தோம். பெரும்பாலும் பச்சைத் தண்ணீர். நிறைய நேரம் எங்கள் படகின் அடி, ஒன்பதாம் திகதி நாங்கள் ஒழுங்காகச் சுரண்டாத பாசியோடு. ஓரிடத்தில், திரையின் மூலையில், ஒரு பெரிய வெள்ளிப் பொட்டு சரிந்து இறங்குகிறது. அதன் குமிழிகளுக்குள்ளேயே ஒரு சின்ன வெள்ளிப் பொட்டு. குட்டிச் செட்டைகளால் மூன்று நான்கு தரம் அடிக்கிறது. பிறகு கமெரா திரும்பிவிட்டது.

“நான்தான் கயித்தை அசைச்சுப்போட்டன்,” என்றார் இவர். குற்றவாளி மாதிரி இருந்தார்.

“பரவாயில்லை. இன்னொருக்கால் போடுங்கோ,” என்றேன். எத்தனை தரம் போட்டோம் என்று தெரியாது.

யூலை 22

ஆஸ்பத்திரி. செவிப்பறையில் நல்ல பெரிய ஓட்டையாம். சத்திரசிகிச்சை செய்து மூட வேண்டும். ஒரு வருடத்துக்குத் தண்ணீருக்குள் போகக்கூடாது. பிறகும் போகலாம் என்று வாக்குத் தரமுடியாது என்றார் டொக்டர். இவ்வளவு குளிருக்குள் இந்தக் காதோடு இறங்கி உயிரோடு வந்தது அதிர்ஷ்டம் என்றும் சொன்னார். அதிர்ஷ்டம் வெளியே செம்மஞ்சள் அங்கியோடு இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். நகரத்துக்கு வந்த கப்பலில் போட்டதை இவர் இன்னும் கழற்றவில்லை.

வெளியே வந்து, என் வலக்காது இவர் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருடம் என்றதையும், பிறகும் தெரியாது என்றதையும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது, அழுதேன். மூழ்குவதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

இவர் என் சட்டைக் கையை ஒருதரம் இழுத்தார்.

நானும் ஒன்று இழுத்தேன். உடனே.